புது குவாட்டர்பேக்கைச் சுற்றி ஓர் அணியைத் திரும்பக் கட்டுவது எப்படி? ஹூஸ்டன் டெக்ஸன்ஸை வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்கத் தொடங்கியிருக்கும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. தோற்றுக்கொண்டே இருக்கும் ஓர் அணி ஓர் இளம் குவாட்டர்பேக்கைக் கொண்டுவந்து, அவரைச் சுற்றி எல்லாவற்றையும் மறுபடி கட்டி எழுப்புவதுதான் அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பொதுப்படையாகப் பேசினால் மனதில் ஒன்றும் ஒட்டாது. அதனால் ஒரே அணியை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் 2020, 2021, 2022 ஆகிய மூன்று சீசன்களிலும் சேர்த்தே 11 ஆட்டங்கள்தான் ஜெயித்தது. சி.ஜே. ஸ்ட்ரௌட் என்ற புது குவாட்டர்பேக் வந்த 2023இல் ஒரே சீசனில் 10 ஜெயித்தது.

முதலில், குவாட்டர்பேக் என்பவர் யார்? ஒரே ஆளுக்காக ஏன் இவ்வளவு பாடு?

ஒரு பக்கத்துக்கு 11 பேர் ஆடுவார்கள். தங்கள் அணியிடம் பந்து இருக்கும்போது, அது அநேகமாக ஒவ்வொரு முறையும் முதலில் குவாட்டர்பேக்கின் கைக்குத்தான் வரும். பக்கத்தில் ஓடுபவரிடம் கொடுப்பதா, தூரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ரிசீவருக்கு எறிவதா, தானே தூக்கிக்கொண்டு ஓடுவதா என்று முடிவெடுக்க அவருக்கு இரண்டரை, மூன்று விநாடிதான் கிடைக்கும். அதற்குள் எதிரணியின் ஆஜானுபாகுவான ஆட்கள் நாலைந்து பேர் அவரைச் சாய்க்கப் பாய்ந்து வருவார்கள். கிரிக்கெட்டில் கேப்டனே எல்லா ஓவரையும் தானே வீசினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட அவ்வளவு பொறுப்பு இவர் தலையில். நல்ல குவாட்டர்பேக் இல்லாமல் ஓர் ஆட்டம் ஜெயிக்கலாம், ஒரு சீசனைக்கூட ஓட்டிவிடலாம். வருஷா வருஷம் ஜெயிக்க முடியாது.

புது குவாட்டர்பேக் எங்கிருந்து வருவார்?

பெரும்பாலும் டிராஃப்டிலிருந்து. ஒவ்வொரு ஏப்ரலிலும் 32 அணிகளும் கல்லூரி ஆட்டக்காரர்களை ஏழு சுற்றுகளில் தேர்ந்தெடுக்கும். போன சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. அந்த வாய்ப்புகளை அணிகள் தங்களுக்குள் விற்கலாம், வாங்கலாம், அடுத்த வருஷத்து வாய்ப்பைக்கூட இன்றே கொடுத்துவிடலாம். மறுகட்டமைப்பில் பாதி வேலை இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் நடக்கிறது.

ஹூஸ்டன் அவ்வளவு கீழே போனது எப்படி?

2020 ஜனவரியில் அது நல்ல அணி. கேன்சஸ் சிட்டியில் நடந்த பிளே-ஆஃப் ஆட்டத்தில் 24-0 என்று முன்னால் இருந்தது. முடிவில் 51-31 என்று தோற்றது. அந்த மாலையிலிருந்து சரிவு ஆரம்பம் என்று சொல்லலாம். இரண்டே மாதத்தில் அணியின் மிகச் சிறந்த ரிசீவர் டிஆண்ட்ரே ஹாப்கின்ஸை அரிசோனாவுக்குக் கொடுத்தார்கள். அதற்குப் பதிலாக முதல் சுற்று வாய்ப்பு ஒன்றுகூட வரவில்லை. ஹெட் கோச்சாகவும், ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் ஜெனரல் மேனேஜராகவும் ஒருசேர இருந்த பில் ஓ’பிரையன், அடுத்த சீசனின் முதல் நான்கு ஆட்டங்களையும் தோற்றதும் வெளியேற்றப்பட்டார். 2021 தொடக்கத்தில் குவாட்டர்பேக் டெஷான் வாட்சன் தன்னை வேறு அணிக்கு அனுப்பச் சொல்லிவிட்டார். அதன் பிறகு இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் அவர்மீது பாலியல் அத்துமீறல் குற்றம் சாட்டி சிவில் வழக்குத் தொடுத்தார்கள். 2021 முழுக்க அவர் ஒரு ஆட்டத்திலும் இறங்கவில்லை. லீகின் தடை 2022இல் வந்தது, 11 ஆட்டங்களுக்கு. இதற்கிடையே பல வருஷம் அணியின் முகமாக இருந்த ஜே.ஜே. வாட்டும் விடுவிக்கப்பட்டார்.

நல்ல கோச் இல்லை, குவாட்டர்பேக் இல்லை, டிராஃப்ட் வாய்ப்புகளும் கையில் அதிகம் இல்லை. குவாட்டர்பேக்கின் இடப்பக்கத்தைக் காக்கும் லெஃப்ட் டேக்கிள் லாரமி டன்சிலை மயாமியிடமிருந்து வாங்க 2019இலேயே இரண்டு முதல் சுற்று வாய்ப்புகளை எழுதிக் கொடுத்தாயிற்று. ஒரு அணி தரைமட்டமாவது என்றால் இதுதான்.

வாட்சனை அனுப்பியதில் என்ன கிடைத்தது?

2022 மார்ச்சில் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் மூன்று முதல் சுற்று வாய்ப்புகளையும், கூடவே ஒரு மூன்றாம் சுற்று, இரண்டு நான்காம் சுற்று வாய்ப்புகளையும் கொடுத்து அவரை வாங்கியது. ஜெனரல் மேனேஜர் நிக் காசேரியோ இவற்றை எப்படிச் செலவழித்தார் என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம்.

எல்லாம் பலிக்கவில்லை. முதல் வருஷத்து வாய்ப்பை வைத்து எடுத்த, குவாட்டர்பேக்குக்கு முன்னால் நின்று காக்கும் லைன்மேன் கெனியன் கிரீன் நிலைக்கவில்லை. 2023இல் கிடைத்த 12ஆவது இடம் தடுப்பாட்டக்காரர் வில் ஆண்டர்சனைப் பிடிக்க உதவியது, அதற்கு அப்புறம் வருகிறேன். 2024இல் கிடைத்த 23ஆவது இடத்தை மினசோட்டாவுக்குக் கொடுத்து, இரண்டாம் சுற்று வாய்ப்புகளாக மாற்றிக்கொண்டார்கள். அதில் ஒன்றில் வந்தவர், எதிரணி ரிசீவர்களைத் தடுக்கும் கார்னர்பேக் கமாரி லாசிட்டர். வந்த வருஷமே முதல் 11இல் இடம் பிடித்தார்.

இதே நேரத்தில் அணியின் சொந்த வாய்ப்புகளிலும் நல்ல அறுவடை. 2022இல் மூன்றாவது இடத்தில் டெரிக் ஸ்டிங்லி, இரண்டாம் சுற்றில் ஜேலன் பிட்ரே. அதற்கு முந்தைய வருஷம் மூன்றாம் சுற்றில் ரிசீவர் நிக்கோ காலின்ஸ். இவர்கள் எல்லாம் குவாட்டர்பேக் வருவதற்கு முன்பே வந்து சேர்ந்தவர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். ஸ்ட்ரௌட் வந்தார், அணி மாறியது என்று இரண்டே வார்த்தையில் சொல்பவர்கள் இந்த இரண்டு டிராஃப்டுகளைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

நல்ல டிராஃப்ட் இடத்துக்காக வேண்டுமென்றே தோற்றார்களா?

நிர்வாகம் மெலிந்த அணியை இறக்கியது உண்மை. ஆனால் களத்தில் நின்றவர்கள் தோற்கப் பார்த்தார்கள் என்று யாராவது சொன்னால், 2023 ஜனவரி 8 அன்று இண்டியானாபொலிஸில் நடந்த ஆட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சீசனின் கடைசி ஆட்டம் அது. தோற்றால் டிராஃப்டில் முதல் இடம் ஹூஸ்டனுக்கு. ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லை, நான்காவது டவுன், அதாவது பந்தை முன்னேற்றக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் கடைசி, 20 யார்டு வேண்டும். கிட்டத்தட்ட நடக்காத காரியம். குவாட்டர்பேக் டேவிஸ் மில்ஸ் எறிந்த பந்தை டைட் எண்ட் ஜார்டன் ஏக்கின்ஸ் எண்ட் சோனில் (மைதானத்தின் கடைசிப் பகுதி, அங்கே பிடித்தால் டச்டவுன், ஆறு புள்ளி) பிடித்தார். உதைத்து ஒரு புள்ளி எடுத்துச் சமன் செய்வதோடு நிற்காமல் கோச் லவி ஸ்மித் இரண்டு புள்ளிக்குப் போனார், அதையும் ஏக்கின்ஸே பிடித்தார். 32-31. ஹூஸ்டன் ஜெயித்தது, முதல் இடம் சிகாகோவுக்குப் போனது. அன்றிரவே லவி ஸ்மித்தின் வேலையும் போனது.

எனக்கு அந்த முடிவின்மேல் மதிப்பு உண்டு. அங்கே இருந்த 53 பேரில் பலருக்கு அடுத்த வருஷம் வேலை இருக்குமா என்றே தெரியாது. அவர்கள் யாரோ ஒரு கல்லூரிப் பையனுக்காக ஏன் தோற்க வேண்டும்?

முதலில் கோச்சா, குவாட்டர்பேக்கா?

கோச்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காசேரியோ வந்தபின் 2021இல் டேவிட் கல்லி, 2022இல் லவி ஸ்மித் என்று ஆளுக்கு ஒரு வருஷம்தான் கொடுத்தார்கள். வருஷத்துக்கு ஒரு கோச் மாறும் இடத்தில் 21 வயதுப் பையனைக் கொண்டுபோய் நிறுத்தினால், அவன் ஒரு ஆட்டமுறையைப் படித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும்.

2023 ஜனவரி கடைசியில் டிமேகோ ரயன்ஸ் வந்தார். 2006இல் இதே அணி இரண்டாம் சுற்றில் எடுத்த லைன்பேக்கர் அவர். அந்த வருஷத்தின் சிறந்த புதுமுகத் தடுப்பாட்டக்காரர் விருது வாங்கியவர். பிறகு சான் ஃபிரான்சிஸ்கோவில் தடுப்பாட்டத்தை நடத்தியவர். ஹூஸ்டன் ரசிகர்களுக்கு அவர் வீட்டுப் பிள்ளை. நீண்ட ஒப்பந்தமும் கொடுத்தார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து தன்னோடு பாபி ஸ்லோவிக்கை அழைத்துவந்து தாக்குதல் ஆட்டத்தை அவரிடம் ஒப்படைத்தார். அப்புறம், கேஸ் கீனம் என்ற மூத்த குவாட்டர்பேக்கையும் மாற்று ஆளாகச் சேர்த்தார்கள். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆடியவர், பல அணிகள் பார்த்தவர். ஒரு புதுமுகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீடியோ பார்க்க அப்படி ஒருவர் தேவை.

ஸ்ட்ரௌடை எல்லாரும் நம்பினார்களா?

இல்லை. சி.ஜே. ஸ்ட்ரௌட் ஒஹையோ ஸ்டேட் கல்லூரியில் ஆடியவர். அங்கிருந்து வந்த குவாட்டர்பேக்குகள் என்எஃப்எல்லில் தேறுவதில்லை என்று ஒரு பேச்சு உண்டு. சுற்றிலும் அருமையான ரிசீவர்கள் இருந்ததால்தான் அவர் நன்றாகத் தெரிந்தார், நெருக்கடியில் காலை அசைக்க மாட்டார் என்றார்கள். டிராஃப்டுக்கு முன்னால், ஏதோ ஓர் அறிவாற்றல் சோதனையில் அவருக்கு மதிப்பெண் குறைவு என்ற செய்தியும் கசிந்தது. ஒரு பையனின் சோதனை மதிப்பெண்ணை ஊருக்கே கசியவிட்டவர்கள் செய்தது அநியாயம் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் 2022 டிசம்பர் 31 அன்று, அந்த சீசனின் சாம்பியனான ஜார்ஜியாவுக்கு எதிராக அவர் ஆடியதைப் பார்த்தவர்களுக்கு பதில் அங்கேயே இருந்தது. 348 யார்டு, நான்கு டச்டவுன். ஓட வேண்டிய இடத்தில் ஓடினார். கடைசி நொடிகளில் ஒஹையோ ஸ்டேட்டின் உதை தவறியதால் 42-41 என்று தோற்றார்கள். சிகாகோவிடமிருந்து முதல் இடத்தை வாங்கிய கரோலைனா பிரைஸ் யங் என்ற குவாட்டர்பேக்கை எடுத்தது. இரண்டாவது இடத்தில் இருந்த ஹூஸ்டனுக்கு ஸ்ட்ரௌட் கிடைத்தார்.

உடனே அடுத்த இடத்தையும் வாங்கியது பைத்தியக்காரத்தனம் என்றார்களே?

ஸ்ட்ரௌடை எடுத்த சில நிமிடங்களில் ஹூஸ்டன் அரிசோனாவிடமிருந்து மூன்றாவது இடத்தை வாங்கி, அலபாமாவின் வில் ஆண்டர்சனை எடுத்தது. கொடுத்த விலை 12ஆவது இடம், 33ஆவது இடம், 2024இன் முதல் சுற்று வாய்ப்பு, மூன்றாம் சுற்று வாய்ப்பு. குவாட்டர்பேக்குக்காக இவ்வளவு கொடுப்பது வழக்கம், தடுப்பாட்டக்காரருக்குக் கொடுப்பது அபூர்வம். மூன்று வருஷமாகத் தோற்கும் அணி தன் அடுத்த வருஷ வாய்ப்பைக் கொடுக்கிறதே, அது முதல் ஐந்துக்குள் வருமே என்று எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

அந்த வாய்ப்பு கடைசியில் 27ஆவது இடமாகத்தான் போனது. ஏனென்றால் ஹூஸ்டன் ஜெயிக்க ஆரம்பித்துவிட்டது. ஆண்டர்சன் முதல் சீசனில் ஏழு சாக் (பந்தை எறிவதற்குள் குவாட்டர்பேக்கையே தரையில் சாய்ப்பது) எடுத்து சிறந்த புதுமுகத் தடுப்பாட்டக்காரர் ஆனார். தாக்குதல் பக்கத்தில் அதே விருது ஸ்ட்ரௌடுக்கு. இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. குவாட்டர்பேக்குக்கு உதவி என்றால் ரிசீவர் வாங்கிக் கொடுப்பது மட்டுமில்லை. எதிரணியை 17 புள்ளியில் நிறுத்தும் தடுப்பாட்டம் இருந்தால், புதுமுகம் ஒவ்வொரு முறையும் 35 புள்ளி எடுக்க வேண்டிய கட்டாயத்தில் பந்தை எறிய வேண்டியதில்லை.

முதல் சீசனில் களத்தில் என்ன மாறியது?

தொடக்கம் சரியில்லை. பால்டிமோரிடமும் இண்டியானாபொலிஸிடமும் தோல்வி. குவாட்டர்பேக்கைக் காக்கும் லைனில் காயம் மேல் காயம். ஆனால் ஸ்ட்ரௌட் பந்தை எதிரணியிடம் கொடுக்கவில்லை. அறிமுகத்திலிருந்து இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடித்துவிடுவது) இல்லாமல் தொடர்ந்து எறிந்ததில் டாலஸ் குவாட்டர்பேக் டாக் பிரெஸ்காட்டின் சாதனையை முறியடித்தார்.

நவம்பர் 5, தம்பா பேக்கு எதிரான ஆட்டத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உதைப்பவர் கைமி ஃபேர்பேர்னுக்கு நடுவில் காயம். மாற்று உதைப்பாளர் என்று யாரும் இல்லை. நான்காவது கால் பகுதியில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ரன்னிங் பேக் டாரே ஓகுன்போவாலே வந்து 29 யார்டு ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு இடையே உதைப்பது, மூன்று புள்ளி) அடித்தார். ரன்னிங் பேக் ஃபீல்டு கோல் அடிப்பதை நீங்கள் இன்னொரு முறை பார்க்கப் பல வருஷம் ஆகலாம். ஆனால் தம்பா திரும்ப டச்டவுன் போட்டு 37-33 என்று முன்னேறியது. பாக்கி 46 விநாடி. போக வேண்டியது 75 யார்டு. உதைக்க ஆள் இல்லை, இருந்தாலும் மூன்று புள்ளி போதாது, டச்டவுன்தான் வேண்டும். ஸ்ட்ரௌட் பதறவே இல்லை. ஓரக்கோட்டுப் பக்கமும் நடுவிலும் மாற்றி மாற்றி எறிந்தார். ரிசீவர் டேங்க் டெல் ஒரு பந்தைப் பிடித்து 15 யார்டு கோடு வரை கொண்டுவந்தார், அடுத்ததை எண்ட் சோனில் பிடித்தார். ஆறு விநாடி மிச்சம். 39-37. அன்று ஸ்ட்ரௌட் எறிந்தது 470 யார்டு, ஒரே ஆட்டத்தில் ஒரு புதுமுகம் எடுத்ததில் அதுவே அதிகம். ஐந்து டச்டவுன், ஒரு இன்டர்செப்ஷன்கூட இல்லை.

டிசம்பரில் டெல்லின் கால் முறிந்தது. ஸ்ட்ரௌடுக்குத் தலையில் அடிபட்டு இரண்டு ஆட்டம் வெளியே. அதில் ஒன்றை கீனம் ஜெயித்துக் கொடுத்தார். கடைசி ஆட்டம் மறுபடி இண்டியானாபொலிஸில், லவி ஸ்மித் வேலையிழந்த அதே மைதானத்தில். முதல் பிளேயிலேயே நிக்கோ காலின்ஸுக்கு 75 யார்டு டச்டவுன். 23-19 என்று ஜெயித்தார்கள். மறுநாள் ஜாக்சன்வில் தோற்றதும், நான்கு அணிகள் கொண்ட தங்கள் டிவிஷனின் பட்டமும் வந்தது.

பிளே-ஆஃபில் வந்து சேர்ந்த எதிரணி எது தெரியுமா? வாட்சனை வாங்கிய கிளீவ்லேண்ட். வாட்சன் காயத்தில் இருந்தார், ஜோ ஃபிளாக்கோ ஆடினார். 45-14. பிளே-ஆஃப் ஆட்டம் ஜெயித்த குவாட்டர்பேக்குகளில் ஸ்ட்ரௌட்தான் மிக இளையவர் ஆனார். அடுத்த வாரம் பால்டிமோரில் 34-10 என்று தோல்வி. தாக்குதல் ஆட்டத்தால் அன்று ஒரு டச்டவுன்கூட எடுக்க முடியவில்லை. சீசன் கணக்கு: 15 ஆட்டம், 4,108 யார்டு, 23 டச்டவுன், ஐந்தே இன்டர்செப்ஷன்.

நல்ல குவாட்டர்பேக் கிடைத்தால் போதும், மற்றது தானாக வரும் என்கிறார்களே?

இதற்கும் பதில் ஹூஸ்டனிலேயே இருக்கிறது. இந்த அணி 2002இல் பிறந்தது. டிராஃப்டின் முதல் இடத்தில் டேவிட் கார் என்ற குவாட்டர்பேக்கை எடுத்தார்கள். நல்ல கை, நல்ல பையன். அவரைக் காக்க வேண்டிய லெஃப்ட் டேக்கிளாக, புது அணிக்கு மற்ற அணிகளின் ஆட்களை எடுக்கக் கிடைக்கும் விரிவாக்க டிராஃப்டில் டோனி போசெலியை முதலில் எடுத்தார்கள். பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனவர். ஆனால் தோள்பட்டைக் காயத்தால் ஹூஸ்டனுக்காக ஒரு ஆட்டம்கூட ஆட முடியவில்லை.

கார் அந்த முதல் சீசனில் 76 முறை சாக் ஆனார். ஒரு சீசனில் ஒரு குவாட்டர்பேக் பட்டதில் அதுதான் என்எஃப்எல் சாதனை. 2005இல் மறுபடி 68 முறை. இத்தனை அடி வாங்கியவர் பந்தைக் கையில் வாங்கியதும் ரிசீவரைப் பார்க்க மாட்டார், வரப்போகும் அடியைத்தான் பார்ப்பார். ஐந்து சீசன் ஆன பிறகு 2007இல் அவரை விடுவித்தார்கள். கார் தேறவில்லை என்று புத்தகத்தில் எழுதிவிடலாம். அந்த லைனுக்குப் பின்னால் வேறு யார் தேறியிருப்பார் என்று யாராவது எனக்குச் சொல்லட்டும்.

அப்படியென்றால் பிரைஸ் யங்குக்கு நடந்தது என்ன?

முதல் இடத்துக்காக கரோலைனா கொடுத்தவற்றில் டிராஃப்ட் வாய்ப்புகளோடு அணியின் தலைசிறந்த ரிசீவர் டி.ஜே. மோரும் சேர்த்தி. அதாவது புதுப் பையனை வாங்க, அவன் பந்தெறிய வேண்டிய ஆளையே விற்றார்கள். யங் முதல் சீசனில் 62 முறை சாக் ஆனார். ஹெட் கோச் ஃபிராங்க் ரைக் 11 ஆட்டத்திலேயே நீக்கப்பட்டார். அணி 2-15, அதாவது 2 வெற்றி, 15 தோல்வி. அவர்கள் விற்ற 2024 வாய்ப்பு டிராஃப்டின் முதல் இடமாக மாறி சிகாகோவுக்குப் போனது. குவாட்டர்பேக் கேலப் வில்லியம்ஸை சிகாகோ எடுத்தது அதில்தான்.

இரண்டு பையன்களில் யார் திறமைசாலி என்று மக்கள் ஓயாமல் விவாதிக்கிறார்கள். ஏப்ரல் மாதத்தில் ஒருவருக்கு நிக்கோ காலின்ஸும் டன்சிலும் காத்திருந்தார்கள், இன்னொருவருக்கு அப்படி யாரும் இல்லை. இதைச் சேர்த்துப் பேசாத விவாதத்தில் நான் கலந்துகொள்வதில்லை.

சம்பளக் கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம்?

ஒவ்வொரு அணியும் ஆட்டக்காரர் சம்பளத்துக்குச் செலவழிக்க ஓர் உச்சவரம்பு உண்டு. சேலரி கேப் என்பார்கள். 2023இல் அது 22.48 கோடி டாலர். 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு, டிராஃப்டில் வரும் புதுமுகத்தின் சம்பளம் அவர் எத்தனையாவது இடத்தில் எடுக்கப்பட்டார் என்பதைப் பொறுத்து ஏறக்குறைய முன்கூட்டியே தீர்மானமாகிவிடும். அதற்கு முன்னால் அப்படி இல்லை. 2010இல் முதல் இடத்தில் வந்த சாம் பிராட்ஃபோர்டுக்கு ஒரு ஆட்டம் ஆடுவதற்கு முன்பே 5 கோடி டாலர் உத்தரவாதம்.

ஸ்ட்ரௌடின் நான்கு வருஷ ஒப்பந்தம் மொத்தமே சுமார் 3.6 கோடி டாலர். 2024இல் டாலஸ், பிரெஸ்காட்டுக்கு ஒப்புக்கொண்டது வருஷத்துக்கு 6 கோடி. இடைப்பட்ட பணம்தான் மறுகட்டமைப்பின் மூலதனம். அந்தப் பணத்தில்தான் 2024இல் தடுப்பாட்டக்காரர் டேனியல் ஹண்டரை இரண்டு வருஷத்துக்கு 4.9 கோடிக்குச் சேர்க்க முடிந்தது. ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸ், ரன்னிங் பேக் ஜோ மிக்சன் ஆகியோரும் அந்த வருஷம்தான் வந்தார்கள். இந்தச் சலுகைக் காலம் மூன்று, நான்கு வருஷம்தான். அதற்குள் கட்டி முடிக்காத அணி, பிறகு குவாட்டர்பேக்குக்கும் முழு விலை கொடுத்துக்கொண்டு மற்றவர்களுக்கும் விலை தேட வேண்டியிருக்கும்.

புதுமுகத்தை ஒரு வருஷம் பெஞ்சில் உட்காரவைப்பது நல்லதில்லையா?

கேன்சஸ் சிட்டியின் பேட்ரிக் மஹோம்ஸ் தன் முதல் சீசனை அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் உட்கார்ந்துதான் கழித்தார். கிரீன் பேயின் ஜார்டன் லவ் ஆரன் ராட்ஜர்ஸுக்குப் பின்னால் மூன்று சீசன் காத்திருந்தார். ஆனால் அவை ஜெயித்துக்கொண்டிருந்த அணிகள். லைனும் கோச்சும் தயாராக இருந்தால் முதல் நாளே ஆடவிடலாம், இல்லையென்றால் காக்கவைப்பது நல்லது.

இரண்டாவது வருஷம் ஸ்ட்ரௌட் ஏன் தடுமாறினார்?

கணக்கில் பார்த்தால் 2024உம் அதே 10-7, அதே டிவிஷன் பட்டம், பிளே-ஆஃபில் சார்ஜர்ஸுக்கு எதிராக 32-12 வெற்றி. ஆனால் ஸ்ட்ரௌடின் இன்டர்செப்ஷன் ஐந்திலிருந்து 12 ஆனது. சாக் 38இலிருந்து 52 ஆனது. டிக்ஸுக்கு அக்டோபரில் முழங்கால் போனது, டெல்லுக்கு டிசம்பரில். காலின்ஸ் நடுவில் ஐந்து ஆட்டம் இல்லை. லைனின் உட்பகுதியில் எதிரணிகள் இடம் மாற்றி மாற்றிப் பாய்ந்தபோது, யார் யாரைத் தடுப்பது என்றே லைனில் குழப்பம்.

முதல் வருஷம் ஜெயித்த வேகத்தில், லைன் சரியாகிவிட்டது என்று நிர்வாகம் நினைத்துவிட்டது என்பது என் எண்ணம். பணம் ரிசீவருக்கும் ரன்னிங் பேக்குக்கும் தடுப்பாட்டத்துக்கும் போனது. லைனுக்குப் போக வேண்டிய அளவு போகவில்லை. 2025 ஜனவரியில் கேன்சஸ் சிட்டியில் எட்டு சாக் வாங்கி 23-14 என்று தோற்றார்கள். அன்று எடுத்த மொத்த யார்டில் ஹூஸ்டன்தான் முன்னால். அந்த எட்டு சாக் இல்லையென்றால் ஆட்டமே வேறு.

அப்புறம் ஏன் லாரமி டன்சிலையே அனுப்பினார்கள்?

இது ஹூஸ்டன் ரசிகர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைத்த செய்தி. ஸ்லோவிக்கை நீக்கிவிட்டு ராம்ஸ் அணியிலிருந்து நிக் கேலியைக் கொண்டுவந்தார்கள். 2025 மார்ச்சில் டன்சிலை வாஷிங்டனுக்குக் கொடுத்தார்கள். அங்கே ஜேடன் டேனியல்ஸ் என்ற இன்னொரு இளம் குவாட்டர்பேக்கைக் காக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். 2023இல் 4-13ஆக இருந்த வாஷிங்டன், டேனியல்ஸின் முதல் சீசனில் 12-5க்கு வந்திருந்தது. அங்கேயும் முதலில் புது நிர்வாகம், புது கோச், அப்புறம்தான் குவாட்டர்பேக்.

டன்சில் இன்னும் நல்ல ஆட்டக்காரர்தான். ஆனால் சம்பளம் பெரியது, வயது 30, பெனால்டியும் அதிகம். ஓட்டை விழுந்த லைனை ஒவ்வொரு செங்கலாக மாற்றுவதைவிட மொத்தமாகக் கலைத்துக் கட்டலாம் என்று ரயன்ஸும் காசேரியோவும் முடிவு செய்தார்கள். இரண்டாம் சுற்றில் ஏரியான்டே எர்சரியை எடுத்து, புதுமுகமாகவே லெஃப்ட் டேக்கிளில் நிறுத்தினார்கள். துணிச்சல்தான். அன்று எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

அப்படியானால் மறுகட்டமைப்பு முடிந்துவிட்டதா?

அணியைப் பொறுத்தவரை முடிந்துவிட்டது என்பேன். 2025இல் முதல் மூன்று ஆட்டமும் தோற்று, பிறகு 12-5 என்று முடித்தார்கள். ஸ்ட்ரௌடுக்குத் தலையில் அடிபட்டபோது டேவிஸ் மில்ஸ் வந்து மூன்று ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தார். நான்காவது டவுனில் அந்தப் பந்தை எறிந்த அதே மில்ஸ்தான். குவாட்டர்பேக் இல்லாமலும் மூன்று வாரம் நிற்கும் அணி என்றால் அது கட்டி முடிந்த அணி. பிளே-ஆஃபில் பிட்ஸ்பர்கை 30-6 என்று ஜெயித்தார்கள். வெளியூரில் இந்த அணி ஜெயித்த முதல் பிளே-ஆஃப் ஆட்டம் அது.

குவாட்டர்பேக்கைப் பொறுத்தவரை முடியவில்லை. அடுத்த ஆட்டத்தில் நியூ இங்கிலாந்திடம் 28-16 என்று தோல்வி, ஸ்ட்ரௌட் நான்கு இன்டர்செப்ஷன் கொடுத்தார். மூன்று சீசன் முடிந்ததால் இனி அவர் பெரிய ஒப்பந்தம் கேட்கலாம். கொடுக்க வேண்டும் என்பதே என் கட்சி. மூன்று வருஷமும் பிளே-ஆஃபில் ஓர் ஆட்டம் ஜெயித்தவரை விட்டுவிட்டு, மறுபடி டிராஃப்டில் சீட்டுக் குலுக்குவது எவ்வளவு ஆபத்து என்று இந்த அணிக்குத் தெரியாதா என்ன! ஆனால் எவ்வளவு கொடுப்பது என்பதில் கை கொஞ்சம் இறுக்கமாக இருக்கட்டும். ஆண்டர்சன், ஸ்டிங்லி, காலின்ஸ் எல்லாரையும் சேர்த்து வைத்திருக்க வேண்டும்.

இந்தியாவிலிருந்து பார்க்க எது வசதி? எங்கே தொடங்குவது?

ஹூஸ்டனில் ஞாயிறு நண்பகலுக்குத் தொடங்கும் ஆட்டம் செப்டம்பர், அக்டோபரில் நமக்கு இரவு 10:30. நவம்பர் முதல் வாரத்தில் அங்கே கடிகாரத்தை மாற்றியதும் 11:30 ஆகிவிடும். திங்கள் வேலைக்குப் போகிறவர்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பழைய ஆட்டம் பார்ப்பதென்றால் இரண்டு போதும். 2023 நவம்பர் 5, தம்பா பே. அப்புறம் 2025 ஜனவரி 18, கேன்சஸ் சிட்டி. முதலாவதில் பந்தைப் பாருங்கள். இரண்டாவதில் பந்தை விட்டுவிட்டு ஸ்ட்ரௌடுக்கு முன்னால் நிற்கும் ஐந்து பேரை மட்டும் பாருங்கள். யார் யாரைப் பிடிக்கிறார், எந்த இடைவெளி திறக்கிறது, எத்தனை விநாடியில் திறக்கிறது என்று பார்த்தால் எட்டு சாக்குகளில் பாதி எங்கிருந்து வந்தன என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.